நாற்புறமும் பாட்டு

ஜாஸ்மினுக்கு நாற்பத்திரண்டு வயதில் தைராய்டில் கட்டி வந்தது. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை. கட்டி குரல் நரம்பைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, ஒரு பக்க நரம்பையும் சேர்த்து வெட்டிவிட வேண்டியிருக்கும் என்று டாக்டர் முன்னதாகவே சொல்லியிருந்தார். ஜாஸ்மினும் அவள் கணவர் ஆல்வினும் யோசித்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள். உயிர் தப்பியது. குரல் தப்பவில்லை.

பேச்சு வந்தது. பாட்டுதான் போனது. மாதனூரில் அவர்கள் போகிற சர்ச்சில் இருபது வருடம் பாடகர் குழுவில் மேல்சுருதி பாடியவள் அவள். ஆபரேஷனுக்கு மூன்று மாதம் கழித்து மறுபடி போய் நின்றபோது மேலே போக வேண்டிய இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. கீழே பாடினால் கரகரவென்று கிழிந்தது. குழுவை நடத்தும் அன்பரசன் அன்று ஆராதனை முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்தான்.

"அக்கா, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்களேன். மைக்ல ஒரு மாதிரி கேக்குது."

அவன் கெட்டவன் இல்லை. ஆஸ்பத்திரியில் அவள் கிடந்த ஒன்பது நாளும் மாலையில் வந்து ஜெபம் செய்துவிட்டுப் போனவன். ஜாஸ்மின் சரியென்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து உதட்டை மட்டும் அசைத்தாள்.

"உயிரோட இருக்கீங்களே, அதுக்கு நன்றி சொல்லுங்க" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். அவளும் ஆமாம் என்றாள். ஆனால் வீட்டு ஜெபக்கூட்டத்தில் கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்லும் முறை தன் பக்கம் வரும்போது, டீ போடுகிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விடுவாள். நன்றி என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் ஷூவின் மேல்பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இந்த ஜனவரியில் ஒரு அமெரிக்க ஆர்டருக்காக, சரக்கைப் பரிசோதிக்க மார்லா என்ற பெண்மணி பன்னிரண்டு நாள் வந்து தங்கினார். ஐம்பது வயதிருக்கும். அலபாமாவில் ஏதோ கிராமம். ஜாஸ்மினின் பக்கத்து மேஜை அவருக்கு. இங்கிலீஷ் பேச ஹரிணியை அவருடன் அனுப்பியிருந்தார்கள். குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் குடும்பத்துப் பெண் ஹரிணி, எம்.பி.ஏ. முடித்துவிட்டு ஆபீஸில் ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள்.

நாலாவது நாள் சாப்பாட்டு மணி அடித்து, மெஷின்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. மார்லா அதைக் கவனிக்கவில்லை. மெஷின் சத்தத்துக்குள் தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தவர் நிறுத்தாமல் பாடினார். ஃபா, சோல், லா. இனிமையான குரல் இல்லை. வரப்பின் இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்து ஆளைக் கூப்பிடுகிற மாதிரி முரட்டுக் குரல். டிபன் பாக்ஸைத் திறந்த ஜாஸ்மினின் கை அப்படியே நின்றது.

"இன்னா பாட்டு இது? கேளேன் ஹரிணி."

மார்லா சிரித்துக்கொண்டே சொன்னதை ஹரிணி தமிழில் சொன்னாள். இருநூறு வருடத்துக்கு முந்தைய முறை அது. அந்தக் காலத்து அமெரிக்கக் கிராமங்களில் பல சர்ச்சுகளில் வாத்தியம் கிடையாது, ஸ்வரம் படிக்கத் தெரிந்தவர்களும் கம்மி. பாட்டு வாத்தியார்கள் ஊர் ஊராகப் போய்ச் சில வாரம் தங்கிச் சொல்லிக் கொடுப்பார்கள். சுலபமாக இருக்கட்டும் என்று ஸ்வரத்துக்கு உருவம் கொடுத்தார்கள். முக்கோணம் என்றால் ஃபா. வட்டம் சோல். சதுரம் லா. சீட்டுக்கட்டில் வருகிற மாதிரி வைரம் மி. நாலு வகைக் குரல்காரர்களும் நாலு பக்கமாகப் பிரிந்து ஒருவரையொருவர் பார்த்து உட்கார்ந்து, முதலில் உருவத்தின் பெயரைப் பாடுவார்கள், பிறகு வார்த்தையைப் பாடுவார்கள். இன்றைக்கும் மார்லாவின் ஊரில் அப்படித்தான்.

"நீங்க பாடுவீங்களான்னு கேக்கறாங்க அக்கா."

"தொண்டைல ஆபரேஷன் ஆயிடுச்சு, குரல் ஒடைஞ்சி போச்சுன்னு சொல்லு."

ஹரிணி சொன்னாள். மார்லா ஐயோ பாவம் என்று முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. நீளமாக ஏதோ சொன்னார்.

"அவங்க அப்பா மாடு ஏலம் விடறவராம். கத்திக் கத்தித் தொண்டை போயிடுச்சாம். இருந்தும் நாப்பது வருஷம் முன்வரிசைல ஒக்காந்து பாடினாராம். அவங்க கூட்டத்துல கேக்கறதுக்குன்னு ஒருத்தரும் வரமாட்டாங்களாம், வர்றவங்க எல்லாருமே பாடுறவங்கதானாம். அப்புறம் நல்ல கொரல் யாரு கேக்கறதுக்காகன்னு சொல்றாங்க."

ஜாஸ்மினுக்கு அன்று சாப்பாடு பாதிதான் இறங்கியது.

ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் கிளம்ப அரை மணி நேரம் ஆகும். மறுநாள் அந்த நேரத்தில் கேன்டீனில் மார்லா சொல்லிக் கொடுப்பதற்காக நாலு பெஞ்சைச் சதுரமாக இழுத்துப் போட்டார்கள். தோல் வெட்டும் பிரிவின் இஷ்தியாக் அகமது டீ குடிக்க வந்தவர், அட்டையில் மார்லா வரைந்த உருவங்களைப் பார்த்துவிட்டு, "இது தூரத்துல தெரியாதும்மா" என்று போய், கழிவுத் தோலில் முக்கோணமும் வட்டமும் சதுரமும் வைரமும் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிக்கொண்டு வந்தார். பிறகு அவரும் உட்கார்ந்தார்.

"உருவத்துப் பேரு மட்டும் பாடறேன், நான் முஸ்லிம். சாமி வார்த்த வந்தா நிறுத்திக்குவேன். பரவால்லியான்னு அவங்களக் கேளு ஹரிணி."

பரவாயில்லை, எங்கள் ஊரிலும் பலருக்கு உருவத்தைப் பாடுவதுதான் பிடிக்கும் என்றார் மார்லா.

மெட்டைப் பாடுகிற பக்கத்தில் ஜாஸ்மினைத் தன்னருகே உட்காரவைத்தார். அது ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடுகிற நடுக்குரல். உச்சத்துக்குப் போகத் தேவையில்லை. தாளத்துக்கு மார்லாவின் கை மேலே போய்க் கீழே வந்தது. ஜாஸ்மின் வாயைத் திறந்தாள். கரகரவென்றுதான் வந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் அடுத்த உருவத்தைப் பிடிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். இரண்டாவது சுற்றில் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடினாள்.

நாலு நாளில் பதினாலு பேர் சேர்ந்துவிட்டார்கள். இங்கிலீஷ் வார்த்தை வாயில் நுழையவில்லை என்று ஹரிணி தமிழில் எழுதினாள்: "மணலாய்க் கிடந்த ஆற்றிலே தண்ணீர் வந்தது, நன்றி." பாலாற்றைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

மார்லா ஊருக்குப் போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் இதைப் பாடலாமா என்று ஜாஸ்மின் முன்கூட்டியே அன்பரசனைக் கேட்டாள்.

"கீபோர்டு இல்லாமயா? அதுவும் ஜனங்களுக்கு முதுகக் காட்டி ஒக்காந்துகிட்டா? பேஜாராயிடும்கா."

"ஆராதனைல வேணாம். முடிஞ்சதும் வெளிய பந்தல்ல பாடறோம். நீயும் வா."

அந்த ஞாயிற்றுக்கிழமை பந்தலில் பெஞ்சுகள் சதுரமாயின. கம்பெனிப் பெண்கள் வந்திருந்தார்கள். மூன்று பக்கமும் நிறைந்தது. அடிக்குரல் பக்கத்தில் ஆல்வின் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, தோல் துண்டுகளைப் பயத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்குரல் இல்லாமல் பாட்டு நிற்காது என்றார் மார்லா. சர்ச் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அன்பரசன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்து ஆல்வின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இன்னா அண்ணே, முக்கோணம்னா ஃபாவா?"

"அப்படித்தான் நெனைக்கறேன்."

மார்லா ஜாஸ்மினின் தோளைத் தொட்டு நடுவே போய் நின்று தாளம் போடச் சொன்னார். ஜாஸ்மின் போனாள். கையை உயர்த்தி இறக்கினாள். நாலு பக்கமிருந்தும் சத்தம் ஒரே நேரத்தில் அவள்மேல் வந்து விழுந்தது. காதில் கேட்கிறது என்று சொல்ல முடியாது, நெஞ்செலும்பு அதிர்ந்தது. அதில் எது நல்ல குரல், எது உடைந்தது என்று பிரிக்க முடியவில்லை. தன் குரல் எங்கே இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அது உள்ளே இருந்தது. நன்றி என்ற சொல் வந்தபோது இரண்டு வருடமாக எங்கோ சிக்கிக்கிடந்தது தானாக வெளியே வந்தது. அழுகை வந்தாலும் கை தாளத்தை விடவில்லை.

முடிந்தபின் அன்பரசன் பெஞ்சைத் தூக்கிக்கொண்டே சொன்னான். "அக்கா, ஒங்கள ஒக்காரச் சொன்னேனே அன்னிக்கு, இப்படி ஒரு வழி இருக்குதுன்னு எனக்குத் தெரியாதுக்கா."

"எனக்கும்தான் தெரியாது. அந்தப் பக்கம் புடி, காலு இடிக்குது."

புதன்கிழமை மார்லா கிளம்பிப் போனார். கேன்டீன் பெஞ்சுகள் சனிக்கிழமை மாலைகளில் தொடர்ந்து சதுரமாயின. சர்ச் பாடகர் குழுவிலிருந்து அடிக்குரலுக்கு இரண்டு பேரை அன்பரசன் அனுப்பி வைத்தான்.

மார்ச்சில் ஜாஸ்மின் வருடாந்திரச் செக்கப்புக்கு ஆல்வினோடு வேலூர் போனாள். கட்டி திரும்ப வரவில்லை. டாக்டர் தொண்டைக்குள் பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் அசையாம அப்படியேதாம்மா இருக்கு. இனிமே மாறும்னு தோணல, சாரி" என்றார்.

"பரவால்ல டாக்டர். ரெண்டு வருசமா ஒங்களுக்கு நான் ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லல. உயிரோட அனுப்பிச்சீங்க. இப்ப பாடிக்கிட்டுத்தான் இருக்கறேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "பாடறீங்களா? எங்க, பாடுங்க பார்ப்போம்."

ஜாஸ்மின் கதவைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, ஃபா, சோல், லா என்று முழுக்குரலில் ஆரம்பித்தாள். வெளியே டோக்கன் வைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

"உள்ள யாருங்க அது?" என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரம்மாதான்" என்றார் ஆல்வின்.