லோகாம்பாள் கேட்ட பில்

1

லோகாம்பாள் மருந்துக்கடைக்குத் தர வேண்டிய பாக்கி இருபத்தாறு ரூபாய். ஊசி வாங்கிய பாக்கி. இந்தக் கதை அந்தப் பாக்கியிலிருந்துதான் கிளம்பியது, வேறு எந்தப் பெரிய இடத்திலிருந்தும் இல்லை.

காரைக்கால் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் ஓர் அரிசிக் கிடங்கு. நான் அங்கே மூட்டை தூக்குகிறேன். லோகாம்பாள் சுரக்குடியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, கிடங்கில் சிந்துகிற அரிசியைக் கூட்டிப் புடைத்து மறுபடி சாக்கில் கட்டுகிறவள். ஒரு மத்தியானம் சோற்றுத்தூக்கைத் திறந்துகொண்டே என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, நீங்க கதையெல்லாம் எழுதுறீங்களாம்ல. என் கதைய எழுதுங்க, பாப்போம்."

கெஞ்சல் இல்லை அது. சண்டைக்கு இழுக்கிற குரல். சொல்லச் சொன்னேன், சொன்னாள். எழுதுகிறேன் என்று வாய் விட்டுவிட்டேன்.

எழுதப் படிக்க நாற்பது வயதுக்கு மேல் கற்றவன் நான். பகலெல்லாம் மூட்டை சுமந்துவிட்டு உட்காருகிறவனுக்குச் சுற்றி வளைத்து எழுதத் தெம்பு இருக்காது. ஆனாலும் முதலில் சுற்றி வளைத்துத்தான் எழுதினேன். அந்த வரிகளையும் அழிக்காமல் கீழே விட்டிருக்கிறேன்.

(லோகாம்பாள் என்பது நான் வைத்த பெயர். சொந்தப் பெயரையே போடச் சொன்னாள். நான்தான் பயந்தேன். இந்தக் கதையில் பயந்த ஆள் நான் மட்டும் இல்லை. மற்றவர்கள் பின்னால் வருகிறார்கள்.)

2

முதல் தொடக்கம்:

'சர்க்கரை நோயில் வாடும் தன் கணவன் நீலமேகத்துக்கு ஊசி வாங்க, கொளுத்தும் வெயிலில் மருந்துக்கடை வாசலில் நின்றாள் அந்த ஏழை மனைவி. அவள் கண்களில்—'

கிடங்கில் என்னோடு மூட்டை தூக்கும் நெடுமாறனுக்குப் படித்துக் காட்டினேன். "அடேயப்பா, அழுவ வருதுடா" என்றான். முறத்தோடு வந்த லோகாம்பாள் நின்று கேட்டாள்.

"யாருண்ணே நீலமேகம்?"

"உம் புருஷன். கதைக்காக."

"எம் புருஷன் செத்து ஒம்போது வருஷம் ஆவுது. செத்தவனுக்கு சக்கரைய ஏத்தி ஊசி போடுறீங்களே, நல்லா இருப்பீங்களா?"

நெடுமாறனுக்குச் சிரிப்பில் புரையேறியது.

இரண்டாம் தொடக்கம்:

'தாய் ஆடு செத்துப்போன வீட்டில், குட்டிக்குப் பால் புகட்ட ஒரு ஊசிக்குழல் கிடைக்காதா என்று—'

இதை அவளுக்குப் படித்துக் காட்டவே இல்லை. எப்படியோ தெரிந்துகொண்டாள், நெடுமாறன் வாய் அப்படி.

"நேத்து புருஷன், இன்னிக்கு ஆட்டுக்குட்டி. எம்புள்ளைய எழுத மட்டும் கை கூசுதா? சிலம்பரசன் போதைக்கு ஊசி போட்டுக்கிறவன். அதுக்குத்தான் வாங்குனேன். அத எழுத முடியலன்னா வுட்டுருங்க, நான் வேற ஆளப் பாத்துக்கிறேன்."

விடவில்லை. எழுதுகிறேன்.

3

சிலம்பரசன் வீடுகளுக்கு வர்ணம் அடிக்கிறவன். சாரத்தில் நின்று பாட்டுப் பாடிக்கொண்டே அடிப்பான் என்றும், சுவரிலேயே தோசை வார்க்கலாம் போல வழவழப்பாக இருக்கும் என்றும் சொல்வாள் லோகாம்பாள். அவனுக்கு அந்தப் பழக்கம் எப்படி வந்தது என்றால்—

இல்லை. இந்த வரியை இதோடு நிறுத்துகிறேன்.

காரணம் சொன்னால் நீங்கள் அவனை மன்னிப்பீர்கள், சொல்லாவிட்டால் மாட்டீர்கள். சாரத்திலிருந்து விழுந்தான், காதலி விட்டுப் போனாள் என்று ஏதாவது ஒன்றை என்னாலும் எழுத முடியும். காரணத்தைக் காட்டி வாங்குகிற மன்னிப்பு அவனுக்கு வேண்டாம். பழக்கம் இருக்கிறது. விட முயன்றான், இரண்டு தடவை. முடியவில்லை. இவ்வளவு போதும்.

அவனோடு சேர்ந்து ஊசி போட்டுக்கொண்டவன் நவநீதன். ஒரே ஊசியை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். நவநீதனுக்குக் கண் மஞ்சளானது, வயிறு ஊதியது, போய்விட்டான். (ஒருவனை இத்தனை சின்ன வரியில் சாகடிக்கலாமா என்று தெரியவில்லை. அவன் அம்மா படித்தால் கேட்பாள். கேட்கட்டும்; இன்னொரு கதை எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும்.)

சிலம்பரசனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள் லோகாம்பாள். ரத்தம் எடுத்துப் பார்த்து, இன்னும் ஒன்றும் ஒட்டவில்லை என்றார்கள். கீர்த்திகா என்ற நர்ஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "ரத்தத்துல பரவுற காமாலம்மா அது. இவரு விடுற அன்னிக்கு விடட்டும். அதுவரைக்கும் ஒருத்தர் போட்ட ஊசிய இன்னொருத்தர் போடக் கூடாது. அத மட்டும் பாத்துக்குங்க."

லோகாம்பாளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஊருக்கு வந்த கம்பவுண்டர் கண்ணாடி ஊசியைக் கொதிக்கும் நீரில் போட்டு எடுத்துத்தான் குத்துவார். அந்த நினைப்பில், மகன் குளிக்கப் போன நேரம் பார்த்து அவன் சட்டைப்பையிலிருந்து ஊசியை எடுத்தாள். சோற்றுப்பானையை இறக்கிவிட்டு, சின்னக் குண்டானில் தண்ணீர் வைத்து ஊசியைப் போட்டு மூடினாள். வெந்தால் விஷம் போய்விடும் என்று கூடுதலாகவே விறகைத் தள்ளினாள்.

மூடியைத் திறந்தபோது அது புடலம்பிஞ்சு மாதிரி வளைந்து கிடந்தது. பிளாஸ்டிக் அல்லவா.

ஈரத் துண்டோடு வந்து பார்த்த சிலம்பரசன் திட்டப்போகிறான் என்று நினைத்தாள். அவன் கரண்டியால் ஊசியைத் தூக்கிப் பார்த்தான்.

"யம்மா, இது இட்டிலியா, வேக வைக்கிறதுக்கு?"

இருவரும் சிரித்தார்கள். ரொம்ப காலத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது. அதற்குப் பிறகு அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனான். எங்கே போகிறான், யாருடைய ஊசிக்குப் போகிறான் என்று அவளுக்குத் தெரியும்.

"நில்லுடா. புதுசு வாங்கியாறேன்" என்றாள்.

4

கடைக்குப் பெயர் வைக்கவில்லை. காரைக்காலில் மருந்துக்கடைக்குப் பஞ்சமில்லை, உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மேசைக்கு அந்தப்பக்கம் நின்றவள் ஆஃப்ரின். பார்மசி படித்துவிட்டு அங்கே வேலைக்கு இருப்பவள்.

"சிரிஞ்சு எத்தன எம்எல்க்கா வேணும்?"

"ஒரு ஆளுக்குப் போடுற அளவு."

"யாருக்கு?"

"எம் மவனுக்கு."

"டாக்டர் எழுதிக் குடுத்தாங்களா?"

"எந்த டாக்டரு பாப்பா எழுதுவாரு? அவன் போதைக்குப் போடுறவன். அடுத்தவன் போட்டத வாங்கிப் போட்டுத் தொலயக் கூடாதுன்னு வந்து நிக்கிறேன்."

பக்கத்தில் இருமல் மருந்துக்கு நின்ற ஆள் ஒரு அடி தள்ளி நின்றார். ஆஃப்ரின் அவரையும் பார்த்தாள், லோகாம்பாளையும் பார்த்தாள். பிறகு ஆறு ஊசிகளை எண்ணி ஒரு காகித உறையில் போட்டாள். ஒன்று ஆறு ரூபாய். பேனாவுக்கு ரீபிள் வாங்குகிற விலைதான் இருக்கும் என்று பத்து ரூபாய்த் தாளோடு வந்திருந்தாள் லோகாம்பாள்.

"மிச்சம் அப்பறமா குடுங்க. போட்டு முடிச்சத தெருவுல எறிய வேணாம்க்கா. தண்ணி பாட்டில்ல போட்டு மூடி இங்க கொண்டாங்க, ஆஸ்பத்திரிக் குப்பையோட நான் அனுப்பிடுறேன்."

இதுதான் அந்த இருபத்தாறு ரூபாய்.

5

இந்த இடத்தில் நெடுமாறன் கதையை நிறுத்தினான்.

"நீ எழுதுறது நியாயமாடா? ஊசி கெடச்சா போத வளராதா? நாளைக்கு எம்புள்ள போய் நின்னாலும் குடுப்பாளா அவ?"

கட்டுரை எழுதுகிறவனாக இருந்தால் நான் இங்கே நாலு பக்கம் பதில் சொல்லியிருப்பேன். லோகாம்பாள் அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள்:

"ஊசி இல்லாத அன்னிக்கு அவன் போடாம இருந்தான்னா, நான் ஏன் மாறண்ணே கடைக்குப் போறேன்? ஊசி இல்லன்னா போத நிக்கல, அடுத்தவன் ஊசிக்குப் போறான். அவ்வளவுதான் வித்தியாசம்."

"இருந்தாலும்..."

"என்ன இருந்தாலும்? எல்லைக்கு அந்தண்ட இருந்து பஸ்ஸு புடிச்சி வந்து நம்மூர்ல பிராந்தி பாட்டில் வாங்கிட்டுப் போறானுவளே, எவன்ட்டயாவது சீட்டு எங்கடான்னு கேட்டிருக்காங்களா? நேத்து சாயங்காலம் நீங்க வாங்குனீங்களே, எந்த டாக்டரு எழுதிக் குடுத்தாரு?"

நெடுமாறன் அடுத்த லாரியைப் பார்க்கப் போய்விட்டான். லாரி எதுவும் வந்திருக்கவில்லை.

6

இனி கலைவாணன். கடை முதலாளி. முதல் தடவை எழுதும்போது அவருக்குத் தடித்த மீசையும் தங்கச் சங்கிலியும் போட்டு வில்லனாக நிறுத்தினேன். லோகாம்பாள் ஒத்துக்கொள்ளவில்லை. "பொய்யி. கைக்கொழந்தயோட வர்றவளுக்கு காசு கொறஞ்சாலும் மருந்து குடுத்தனுப்புற மனுஷன் அவரு" என்றாள். மீசையை எடுத்துவிட்டேன். சங்கிலியையும். மிச்சம் நின்றது ஒரு பயந்த மனிதர்.

பக்கத்துத் தெரு மருந்துக்கடை ஒன்றில் யாரோ வந்து ஊசி விற்பதைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனதாக ஒரு பேச்சு. உத்தரவு எதையும் கண்ணால் பார்த்தவர் இல்லை, பேச்சுதான். அன்றைக்கே கலைவாணன் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்: 'டாக்டர் சீட்டு இல்லாமல் ஊசி தரப்பட மாட்டாது'.

சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு லோகாம்பாள் அங்கே போனாள். ஒரு கையில் காசு. இன்னொரு கையில் இறுக மூடிய தண்ணீர் பாட்டில். அதற்குள் போட்டு முடித்த ஊசிகள் ஆறும். பேருந்து நிலையத்து பெஞ்சில் சிலம்பரசன் உட்கார்ந்திருந்தான். வெறுங்கையோடு அவள் திரும்பினால் எழுந்து அடுத்தவன் ஊசிக்குப் போய்விடுவான். அங்கே போகாதே என்று சொல்ல அவளிடம் வேறு எதுவும் இல்லை.

"மொதலாளி, பழய பாக்கி இருவத்தாறு. எடுத்துக்குங்க. இன்னும் ஆறு ஊசி வேணும்."

கலைவாணன் காசைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இந்தாம்மா, ஒனக்கு இங்க பாக்கியே இல்ல. நீ இங்க ஒண்ணும் வாங்கவும் இல்ல. காச எடுத்துக்கிட்டுப் பொறப்படு."

"வாங்குனேங்க."

"வாங்கல."

"வாங்கித்தானே எம்புள்ள இந்த வாரம் தப்பிச்சான்? பாட்டில்ல இருக்குறது என்ன, முருங்கக்காயா?"

"யாரு குடுத்தா? பேரச் சொல்லு."

லோகாம்பாள் ஆஃப்ரினைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாக மின்விசிறியைப் பார்த்தாள். "ஞாபகமில்ல. ஆனா இந்தக் கடதான்."

"நான்தான் சார் குடுத்தேன்" என்றாள் ஆஃப்ரின்.

கலைவாணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா ஆஃப்ரின், இத நீ வாயத் தொறந்து சொல்லணுமா? அந்தப் பாக்கிய வேணாம்னு தள்ளிவிட்டா எல்லாருக்கும் நல்லதுதானே?"

"எனக்கு நல்லதில்லிங்க" என்றாள் லோகாம்பாள். காசை மேசையில் இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். "தள்ளுபடியெல்லாம் வேணாம். எனக்கு பில்லு வேணும். அதுல ஊசின்னு எழுதியிருக்கணும். நாளைக்கு எவனாவது எம்புள்ளய நிறுத்தி, இது ஏதுடான்னு கேட்டா, எங்கம்மா கடையில காசு குடுத்து வாங்குனதுன்னு அவன் காட்டணும். நான் என்ன கஞ்சாவா வாங்குனேன், ஒளிக்கிறதுக்கு?"

"ஒனக்குப் புரியல. கடைய மூடிட்டுப் போயிட்டாங்கன்னா நான் என்ன செய்வேன்?"

"மாங்கனித் திருவிழா அன்னிக்கு இதே கட மாடியில நின்னு கூட கூடயா மாம்பழம் எறிஞ்சீங்களே மொதலாளி. கீழ கை நீட்டுனவன்ட்டயெல்லாம் நீ யாரு, எதுக்கு, குடிகாரனா, நல்லவனான்னு கேட்டா எறிஞ்சீங்க? எம்புள்ள கையிலயும் ஒண்ணு வுழுந்துச்சு. எனக்கும் பாதி குடுத்தான்."

"மாம்பழத்துக்குப் போலீஸ் வராதும்மா!"

இதைக் கேட்டு ஆஃப்ரின் சிரித்துவிட்டாள். கலைவாணனுக்கும் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

7

என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

ஒன்றில், சிலம்பரசன் திருந்தி, வெள்ளைச் சட்டை போட்டு, அதே கடைக்குப் புது வர்ணம் அடிக்கிறான். நெடுமாறனுக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. லோகாம்பாள் "திருந்துனாத்தான் உசுரோட இருக்கலாமா?" என்று ஒரே கேள்வி கேட்டாள். கிழித்துவிட்டேன்.

இன்னொன்றில் அவன் செத்துப்போகிறான். அதை எழுதியபோது எனக்கே நெஞ்சு அடைத்தது. அதனாலேயே வேண்டாம். நீங்கள் அழுவீர்கள். அழுது முடித்ததும், ஏதோ செய்துவிட்ட மாதிரி இருக்கும் உங்களுக்கு. அந்த நிம்மதியைத் தர நான் மூட்டை தூக்கிய கையால் எழுதவில்லை.

மூன்றாவது முடிவில் போலீஸ் வண்டி வந்து கடை வாசலில் நின்று, கதவு திறந்து—

(அதற்கு மேல் போகவில்லை. வந்தவர் என்ன சொல்வார் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. தெரியாததை எழுதிப் பயத்துக்கு இன்னும் உரம் போடவா?)

ஆகையால் நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஆஃப்ரின் மேசையைச் சுற்றி வந்து பாட்டிலை வாங்கிக் கீழே வைத்தாள். காசை எடுத்துக் கல்லாவில் போட்டாள். கலைவாணன் தெருவில் போகும் ஆட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கணினியில் தட்டி, துண்டுத்தாளை இழுத்துக் கிழித்து, "இந்தாங்கக்கா, பில்லு" என்று நீட்டினாள் ஆஃப்ரின்.

"ஊசின்னு போட்டிருக்கா பாப்பா?"

"சிரிஞ்சு, ஆறுன்னு போட்டிருக்கு."

லோகாம்பாள் அதை நாலாக மடித்து முந்தானையில் முடிந்தாள். அப்புறமும் நகரவில்லை.

"சரி, பழசு முடிஞ்சிது. இப்ப புதுசா ஆறு குடுங்க."

இந்த இடத்தில் நிறுத்துகிறேன். கலைவாணன் வாயைத் திறந்தார், ஆஃப்ரின் கை பின்னால் இருந்த ஊசிப் பெட்டிப் பக்கம் போனது. அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் கடைக்காரரை ஏசிவிட்டோ அந்தப் பெண்ணை மெச்சிவிட்டோ நீங்கள் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். போகவிடுகிறதாக இல்லை.

இப்போது மேசைக்கு அந்தப்பக்கம் நீங்கள் நிற்கிறீர்கள். கண்ணாடியில் ஒட்டிய தாள் உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் எழுத்துத் திரும்பித் தெரியும். பெட்டி கைக்கு எட்டுகிற தூரம். எதிரே ஒரு பெண். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மகன் அடிக்கடி இந்தப்பக்கம் திரும்பிப் பார்க்கிறான். அவள் பொய் சொல்லவில்லை, சர்க்கரை நோய் என்று சொல்லவில்லை, ஆட்டுக்குட்டி என்று சொல்லவில்லை. யாருக்கு, எதற்கு என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

யோசியுங்கள். ஆனால் பாக்கியைக் காரணம் காட்டி அனுப்பிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பில் அவள் முந்தானையில் இருக்கிறது. லோகாம்பாள் உங்களுக்குத் தர வேண்டியது இனி ஒன்றுமில்லை.