வீடு மாறியவர்கள்

கல்முனையில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் பஸ்லியாவுக்கு வேலை. தீவிரவாதிகளைத் தேடும் அரசாங்க உளவு வேலையில் ஒரு துண்டை அந்தத் தனியார் கொம்பனி கொந்தராத்துக்கு எடுத்திருந்தது. வீட்டில் அவள் கணினி வேலை என்று மட்டும் சொல்லியிருந்தாள். அதுவும் பொய்யில்லைதானே.

திரையில் பெயர் வராது. ஓர் இலக்கமும், அந்த ஆளின் போன் போய்வந்த இடங்களும் வரும். பெற்றோர் வீட்டை விட்டுப் போனாரா? பள்ளிவாசலை மாற்றினாரா? ஓம், இல்லை என்று அழுத்த வேண்டும். காரணம் எழுதவும் இடமிருந்தது. அவள் எழுதுவதில்லை. கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண்வீட்டில் போய் இருப்பான், அங்குள்ள பள்ளியில் தொழுவான். இதையெல்லாம் யார் மெனக்கெட்டு எழுதுவார்கள்? அவள் அனுப்புவதைக் கொழும்பில் வாசிக்கிறவர்களுக்கு இது தெரியாது என்பது அவளுக்குத் தோன்றவேயில்லை.

தம்பி நஸ்மீர் சாய்ந்தமருதில்தான் கல்யாணம் முடித்தான். இப்போது கட்டாரில் வேலை கிடைத்திருந்தது, பொலிஸ் நற்சான்று மட்டும் வரவில்லை. விசாரணைக்குப் போனவன் மத்தியானம் பையோடு நிந்தவூருக்கு, அவள் வீட்டுக்கு வந்தான்.

"உம்மாட ஊட்ட என்னத்துக்கு உட்டுட்டுப் போன, பள்ளிய என்னத்துக்கு மாத்தின எண்டு கேக்காங்க ராத்தா. கலியாணமெண்டு சென்னா சிரிக்காங்க. விசாரண முடியுமட்டும் சொந்த ஊட்டுல இரிக்கட்டாம். எனக்கேது சொந்த ஊடு?"

உம்மாவின் வீடு பஸ்லியாவுக்குச் சீதனமாகப் போய்விட்டது. அவள் சோறு போட்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. காரணத்தை இப்போதாவது எழுதலாமா என்று கேட்கக் குசினிக்குள் போய் மேலாளருக்குப் போன் எடுத்தாள்.

"அனுப்பினது அனுப்பினதுதான் தங்கச்சி. மாத்த ஏலா. அங்கால எங்க போகுதெண்டு எனக்கும் தெரியா."

அவள் திரும்பி வந்தபோது நஸ்மீர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டான்: "ஆரு ராத்தா நம்மளப் பத்தி இப்பிடி எழுதிக் குடுக்கிற?"

"நான்தான்."

சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். கையைக் கழுவிவிட்டுப் பையை எடுத்தான்.

"எங்க போற?"

அவன் வெளியே இறங்கினான். கடப்படி வாசலில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். அவன் எந்தப் பக்கம் திரும்பினான் என்று தனக்குத் தெரியக் கூடாது என்பதற்காகப் பஸ்லியா கதவைச் சாத்திக்கொண்டாள். எப்படியும் நாளைக்கு அது அவள் திரையில் வரும்.