தட்டு நகரவில்லை

வேல்முருகன் என் அம்மாவை அறைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்காக ஆண்டவர் தன்னை மன்னித்துவிட்டார் என்று அவர் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னது அதே வாரத்து ஞாயிற்றுக்கிழமை. இடையில் இருந்த நாலு நாளில் மூன்று நாள் உபவாசம் இருந்தார். அம்மாவிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டையும் எனக்குச் சொன்னது சத்யா. அம்மா சொல்லவில்லை. நான் அரியலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அம்மா அம்சவள்ளி ஆண்டிமடம் பக்கத்தில் வேல்முருகனின் முந்திரிக் கொட்டகையில் பதினோரு வருஷமாகக் கொட்டை உடைக்கிறாள். கொட்டையின் தோலில் இருந்து வடியும் எண்ணெய் பட்டுப் பட்டு அவள் விரல்கள் வெந்து கறுத்துவிட்டன. இதை உருக்கத்துக்காகச் சொல்லவில்லை. ரேஷன் கடை மெஷின் அவள் கைரேகையை எடுத்துக்கொள்ளாது, அவ்வளவுதான்.

சத்யாவும் அதே கொட்டகையில்தான் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் பண்ணும்போதே அழுதாள்.

"எம்மேல விழ வேண்டிய அடிக்கா. தரம் பிரிச்சி வச்சிருந்த முழுப் பருப்ப நாந்தான் தட்டி விட்டேன். மண்ணுல கொட்டிப்போச்சி. அவரு கத்திக்கிட்டே வந்தாரு. ஒங்கம்மா எந்திரிச்சி, 'கை தவறிடுச்சி மொதலாளி, நான் பொறுக்கிடறேன்'னாங்க. சொல்லி வாய மூடல, பளார்னு ஒண்ணு."

"எத்தன பேரு இருந்தீங்க?"

"இருவத்தாறு பேருக்கா."

"இருவத்தாறு பேரும் என்னா பண்ணீங்க?"

"பருப்பப் பொறுக்குனோம்" என்றாள்.

கொட்டகையில் முதலாளியாக இருக்கும் வேல்முருகன் சபையில் மூப்பர், பாஸ்டருக்கு அடுத்த இடம். அந்தப் பேரோடு எப்படி மூப்பர் என்று கேட்காதீர்கள். ஞானஸ்நானத்தின்போது பாஸ்டர் அவருக்கு வேறு பேர் வைத்தார். பத்திரமும் பேங்க்கும் லைசென்ஸும் பழைய பேரில் இருந்ததால் புதுப் பேர் தண்ணீரோடு போய்விட்டது. அவர் ஊர்த்தெரு, நாங்கள் காலனி. சபையில் எல்லாருக்கும் ஒரே பாய். அங்கே அவர் அம்மாவை "சிஸ்டர்" என்பார், அம்மா அவரை "பிரதர்" என்பாள். மறுநாள் காலை கொட்டகையில் அவள் "ஏ அம்சவள்ளி" ஆகிவிடுவாள்.

"சாட்சியில என்னா சொன்னாரு?" என்று சத்யாவைக் கேட்டேன்.

"'கோபத்துல ஒரு சகோதரி மேல கை நீட்டிட்டேன். மூணு நாள் உபவாசத்துல ஆண்டவர் என்னை மன்னிச்சார், பாரத்த எறக்கிட்டார்'னாரு. எல்லாரும் கை தட்டி அல்லேலூயா சொன்னாங்க."

"அம்மா?"

"அவங்களுந்தான் தட்டுனாங்க. அப்பறமா யாரச் சொல்றாருன்னு புரிஞ்சி நிறுத்திட்டாங்க."

அன்று ராத்திரி முழுக்க எனக்குள் அந்தக் கைதட்டல் ஓடிக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு, புகாரை இரண்டு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அம்மா வேலை முடிந்து வந்து தேங்காய் எண்ணெயைக் கையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். இடது கன்னத்தைப் பார்த்தேன். ஆறு நாளில் ஒரு தடமும் இல்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"கிளம்பு. புகாரு எழுதியாந்திருக்கேன், போலீசுக்குப் போவோம்."

"போயி?"

"வன்கொடுமைச் சட்டத்துல போட வைப்பேன்."

"ஒஞ் சர்ட்டிபிகேட்டுல என்னா போட்டிருக்கு?"

இந்து என்று போட்டிருக்கிறது. அம்மாவுடையதிலும் அப்படித்தான். எங்கள் ஆட்கள் கிறிஸ்தவர் என்று எழுதினால் எஸ்.சி. என்பது போய்விடும். அந்த ஒரு சொல்தான் என்னைக் காலேஜுக்குள் விட்டது. வழக்கு என்று போய் நின்றால், ஞாயிற்றுக்கிழமை இந்தம்மா எங்கே போகிறாள் என்றுதான் அவருடைய வக்கீல் முதலில் கேட்பார்.

"சரி, சாதா அடிதடி கேஸாவது போடுவோம்."

"எப்புடிச் செய்யணும்னு வேதத்துல இருக்குடி" என்றாள்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கொட்டை உடைக்கும்போது போனில் வேதத்தை ஓட விட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பாள். எந்த அதிகாரம் எத்தனையாவது என்று தெரியாது. எதற்கு அப்புறம் எது வரும் என்று தெரியும்.

"ஒருத்தன் தப்பு செஞ்சா மொதல்ல தனியாப் போயி அவங்கிட்டச் சொல்லணும். கேக்கலன்னா ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டுப் போவணும். அதுக்கும் கேக்கலன்னா சபைக்குச் சொல்லணும். தனியா இன்னைக்குக் காலைலயே போயிட்டு வந்துட்டேன்."

"என்னா சொன்னான்?"

"சொன்னாருன்னு சொல்லு. 'கர்த்தரே மன்னிச்சிட்டாரு, ஒனக்கு என்னா அம்சவள்ளி'ன்னாரு."

"நீ என்னா சொன்ன?"

"'கர்த்தரோட கன்னத்துலயா அடிச்சீங்க'ன்னு கேட்டேன்."

சிரிப்பு வந்துவிட்டது. அதற்காக என் மேலேயே கோபம் வந்தது. புகாரைப் பையிலேயே வைத்துக்கொண்டு அரியலூர் திரும்பினேன். அந்த வாரம் இரண்டு பேருக்கு நரம்பு கிடைக்காமல் மறுபடி குத்தினேன். ஒரு பெரியவர், "ஏம்மா, எங்கிட்ட எதுனா கோவமா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை அம்மா சொன்ன அந்த இரண்டு பேராக நானும் சத்யாவும் அவளோடு வேல்முருகன் வீட்டுக்குப் போனோம். பிளாஸ்டிக் சேர் போட்டார்கள். டீ வந்தது. டீக்கு அப்புறம் அவர் மனைவி ஒரு ஜவுளிக்கடைப் பையைக் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தார். உள்ளே மாம்பழக் கலரில் ஒரு சேலை.

"நம்ம வூட்டு ஆளாட்டம் நெனச்சித்தாம்மா கை நீண்டுடுச்சி. வேத்தாளா இருந்தா அடிப்பனா?" என்றார் வேல்முருகன்.

"அப்ப ஒங்க வீட்டு ஆள அடிச்சிக்குங்க" என்றேன். "எங்கம்மா எங்க வீட்டு ஆளு."

"படிச்ச புள்ள கொஞ்சம் அமைதியாப் பேசணும்."

"அடிச்ச கை கொஞ்சம் அமைதியா இருந்திருக்கணும்."

அம்மா என் தொடையில் கிள்ளினாள். சத்யா எழுந்து, "பருப்பக் கொட்டுனது நானுங்க மொதலாளி, அவங்க இல்ல" என்றாள். சொல்லிவிட்டுப் பயந்து மறுபடி உட்கார்ந்துகொண்டாள். அம்மா பையை எடுத்து டீப்பாய் மேல் வைத்தாள்.

"எனக்குச் சேலை இருக்குங்க. கேக்க வேண்டியதக் கேளுங்க."

"என்னத்தம்மா கேக்க?" என்றார். நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. உபவாசம் இருந்து, அழுது, மன்னிப்பை வாங்கியாகிவிட்டது, அதுவும் எல்லாருக்கும் மேலே இருக்கிறவரிடம். அதற்குக் கீழே இன்னொருத்தி காத்திருக்கிறாள் என்பது அவர் கணக்கிலேயே இல்லை. போன் அடித்தது. "லோடு வந்துடுச்சி" என்று எழுந்து போய்விட்டார்.

திரும்பும் வழியில் பாஸ்டர் மணிவேல் பைக்கை நிறுத்தினார். செய்தி அதற்குள் அவருக்குப் போயிருந்தது.

"சிஸ்டர், ஏழெழுபது தரம் மன்னிக்கணும்னு ஆண்டவர் சொல்லியிருக்காரே. நாளைக்குத் திருவிருந்து. கசப்போட வரலாமா?"

"பாஸ்டர், அந்த ஏழெழுபதுக்கு அஞ்சாறு வசனம் முன்னாடி என்ன இருக்குன்னு படிச்சிருக்கீங்களா?" என்றேன். அம்மா சொன்ன அன்றே தேடி எடுத்து வைத்திருந்தேன்.

"என்னம்மா இலக்கியா, எனக்கே வேதபாடமா?"

"ஆமா. மூப்பருக்கும் சேத்து நடத்துங்க."

அவர் பைக்கைக் கிளப்பினார். அம்மா சொன்னாள், "நாளைக்குச் சபையில நாம்பேசிக்கறேன். நீ வாயத் தொறக்காத."

அம்மா பதினெட்டு வருஷத்தில் ஒரு திருவிருந்தும் விட்டதில்லை; இயேசுவின் உடலாக எண்ணி அப்பத்தைப் பகிர்ந்து சாப்பிடும் சடங்கு அது. அப்பா செத்த வாரம்கூட வந்து எடுத்தாள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் போவாள். அந்த ஞாயிறும் அப்படித்தான் போனாள். அவர் கேட்காவிட்டால் அப்பத்தைத் தொட மாட்டாள் என்று எனக்குத் தெரியும். தொடாமல் திரும்பினால் அடி வாங்கியவள் வெளியே, அடித்தவர் அப்பத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே. அதை நினைக்க நினைக்கப் பாயில் உட்கார முடியவில்லை. இரண்டு முறை எழுந்துபோய்ச் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தேன்.

சாட்சி நேரம் வந்தது. ஒருத்தருக்கு முதுகுவலி போயிருந்தது. ஒருத்தர் மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்திருந்தது. அம்மா முக்காட்டைச் சரி பண்ணிக்கொண்டு எழுந்தாள். பாஸ்டர் அவளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "நேரம் போயிட்டிருக்கு, பாடலுக்குப் போவோம்" என்று மைக்கைக் கீபோர்டு பக்கம் திருப்பினார். பாட்டு ஆரம்பித்துவிட்டது. அம்மா ஒரு சரணம் முடியும்வரை நின்றுவிட்டு உட்கார்ந்தாள். நான் வாயைத் திறந்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

எங்கள் சபையில் வழக்கம் இது. தன்னைத்தானே சோதித்துப் பார்த்துவிட்டு எடுக்கவேண்டும் என்று பாஸ்டர் வாசிப்பார். மூப்பர் அப்பத் தட்டை வரிசை வரிசையாகக் கொண்டுவருவார். எடுத்தவர்கள் உடனே சாப்பிடக் கூடாது. கடைசி ஆளுக்கும் போய்ச் சேர்ந்த பிறகு பாஸ்டர் சொல்வார், எல்லாரும் சேர்ந்து சாப்பிடவேண்டும். எடுக்க மனசில்லாதவர்கள் தலையைக் குனிந்துகொண்டால் போதும், தட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

ஆண்கள் பக்கம் முடிந்து பெண்கள் பக்கம் வந்தது. கடைசி வரிசையில் அம்மா, அடுத்து நான், அடுத்து சத்யா. வேல்முருகன் குனிந்து தட்டை நீட்டினார்.

அம்மா எடுக்கவில்லை. தலையையும் குனியவில்லை. தட்டின் விளிம்பை அந்தக் கறுத்த விரல்களில் இரண்டால் பிடித்துக்கொண்டாள்.

"எடுத்துக்குங்க சிஸ்டர்."

"எடுக்கத்தான் வந்தேன் பிரதர். நீங்க கேளுங்க, எடுத்துக்கறேன்."

அவர் தட்டை இழுத்துப் பார்த்தார். அது வரவில்லை. ரொம்ப இழுத்தால் அப்பம் பாயில் சிந்தும். சிந்தினால் என்ன நடக்கும் என்று அவருக்கே தெரியும்.

"சிஸ்டர், இது திருவிருந்து நேரம்" என்றார் பாஸ்டர் மைக்கில்.

அம்மா திரும்பவில்லை. "ஆமாங்க பாஸ்டர். தனியாப் போயி சொன்னேன். ரெண்டு பேரோட போயி சொன்னேன். மூணாவதா சபைக்குச் சொல்லுன்னு இருக்கு. சாட்சியில வுடல. இப்பச் சொல்றேன். பிரதர் சாட்சியில சொன்ன சகோதரி நாந்தான். எங்கிட்ட யாரும் எதும் கேக்கல."

அவ்வளவுதான் சொன்னாள். நாற்பது பேர் உள்ளங்கையில் அப்பத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கீபோர்டு நின்றுபோயிருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் ஒரு காக்கா நடந்தது. வாக்கர் வைத்து நடக்கும் ஒரு பெரியவர் அப்பத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். ஆண்கள் பக்கத்தில் இருந்து யாரோ, "சட்டுனு கேளுப்பா, வேர்வையில அப்பம் நனையுது" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

வேல்முருகனின் கழுத்தில் வேர்வை இறங்கியது. அவர் மனைவியைப் பார்த்தார். அவர் மனைவி தன் கையில் இருந்த அப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிருங்க" என்றார், தட்டிடம் சொல்வதுபோல.

"யாரு, யார மன்னிக்கணும் பிரதர்?"

அவர் மெதுவாக முழங்காலில் இறங்கினார். பக்திக்காக இல்லை. குனிந்தே நின்று இடுப்பு பிடித்துக்கொண்டது என்றுதான் நினைக்கிறேன்.

"அம்சவள்ளி சிஸ்டர். கொட்டகையில எல்லாரு முன்னாடியும் ஒங்கள அறைஞ்சேன். தப்பு. நீங்க என்ன மன்னிக்கணும்."

"மன்னிச்சேன்" என்று சொல்லி அம்மா ஒரு துண்டை எடுத்துக்கொண்டாள். யோசிக்கக்கூட இல்லை. "நாளைக்குக் கொட்டகையிலயும் சொல்லிருங்க. அங்கதான அடிச்சீங்க."

அவர் தலையாட்டினார். தட்டு என் முன்னால் வந்தது.

நான் வேறு எதையோ நினைத்திருந்தேன். அவர் கத்துவார், நான் திருப்பிக் கத்துவேன், சபை இரண்டாகும், மூப்பர் பதவி போகும். அதற்குப் பதிலாக நாலு வரியில் முடிந்துவிட்டது. தட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். வலது கை. மோதிரம் போட்ட கை. "எடுத்துக்கம்மா" என்றார். குரல் உடைந்திருந்தது. அது பொய் இல்லை என்று எனக்கே தெரிந்தது. தெரிந்தும் ஒன்றும் இளகவில்லை.

தன்னைத்தானே சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டேன்.

தட்டு சத்யாவுக்குப் போனது.

"ஏன்டி?" என்று அம்மா உதட்டை அசைக்காமல் கேட்டாள்.

"என்னால ஆவல."

"அதான் கேட்டாருல்ல?"

"ஒங்கிட்டத்தான கேட்டாரு."

அம்மா ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் பாஸ்டர் சொல்லிவிட்டார். எல்லாரும் சாப்பிட்டார்கள். அம்மா கண்ணை மூடி மென்றாள். என் கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. அவற்றை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் பத்தரைக்கு, ஸ்லைடு துடைத்துக்கொண்டிருந்தபோது சத்யா கூப்பிட்டாள்.

"வந்து சொல்லிட்டாருக்கா. இருவத்தாறு பேரு முன்னாடியும். ஒங்கம்மா 'சரிங்க மொதலாளி'ன்னுட்டு ஒடைக்க ஒக்காந்துட்டாங்க. இருங்க, தர்றேன்."

அம்மா, "சாப்ட்டியா?" என்றாள்.

"ம்."

"அந்தப் புகார்ப் பேப்பரக் கிழிச்சிட்டியா?"

"இல்ல."

பின்னால் கொட்டை உடைபடும் சத்தம் டக் டக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. "சரி, வச்சிரு" என்றாள் அம்மா. "அடுத்த மாசம் மொத ஞாயித்துக்கெழம டூட்டி போட்டுக்காத. வா."

வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டுச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். இன்னும் இருபத்தேழு நாள் இருந்தது.