நீல டேப் ஒட்டிய பெட்டி

கார் கொட்டகையின் கதவை முழுக்கத் தூக்கிவிட்டு, காலை வெளிச்சம் மேசைமேல் விழும்படி ஸ்டூலை நகர்த்திப் போட்டுக்கொண்டு, டெல்மர் ஹொவோர்கா கூடுகளைத் தரம் பிரிக்க உட்கார்ந்தான். துப்பாக்கி சுடும் கிளப்பின் மைதானத்தில் பொறுக்கிவந்த காலித் தோட்டாக் கூடுகள் ஒரு வாளி நிறைய இருந்தன. அடியும் உடம்பும் ஒரே வார்ப்பாக வந்த பச்சைக் கூடுகள்தான் அவனுக்கு வேண்டும். அடியில் தனியாக அட்டை வைத்துச் செய்த மலிவுச் சரக்கை எடுத்த எடுப்பிலேயே குப்பையில் போட்டான். பச்சையிலும் எல்லாம் ஒன்றல்ல. கட்டைவிரலால் வாயை அழுத்தினால், ஒரே ஒரு தடவை சுட்ட கூடு விரலை எதிர்த்துத் தள்ளும். ஆறேழு தடவை வெடிமருந்தும் ஈய ரவையும் ரொப்பிச் சுட்டது நனைந்த அட்டை மாதிரி அமுங்கிக் கொடுக்கும். மடிப்பு விழுந்த இடங்களில் மயிரிழை போல வெடிப்பு ஓடியிருக்கும். அப்படிப்பட்டதில் மருந்து ரொப்பி வாயை மடித்தால் மடிப்பு இறுக்கமாக நிற்காது. இறுக்கம் இல்லாவிட்டால் மருந்து சரியாக எரியாது. குறியாக வானில் வீசிவிடும் களிமண் தட்டை ரவை எட்டும்போது அதில் வேகம் இருக்காது.

விரலை எதிர்த்தவை வலதுபக்கம் போயின. அமுங்கியவை இடதுபக்கம். இடதுபக்கக் குவியலைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. அதற்கும் மருந்து ரொப்பினான். அந்தத் தோட்டாக்களை அடுக்கிய பெட்டியின் மூடியில் நீல டேப்பைக் கிழித்து ஒட்டினான். நீலம் ஒட்டியது அவன் மனைவி ஆர்டித்துக்கு.

அவள் கிளப்புக்கு வர ஆரம்பித்தது, கடைசி மகளும் ஒமாஹாவுக்குப் போய் வீடு காலியான பிறகு. ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லை என்றாள். டெல்மரே அவள் தோளுக்கு ஏற்ற துப்பாக்கி தேடி வாங்கிக் கொடுத்தான். பின்னால் நின்று முழங்கையைத் தூக்கிவிட்டான். குழியிலிருந்து சீறிக் கிளம்பும் ஆரஞ்சுத் தட்டை அவள் முதன்முதலாக உடைத்த நாளில் ஊருக்கே கேட்கும்படி கத்தியவனும் அவன்தான். மறு வருஷம் அவள் அவனுக்குச் சமமாகச் சுட்டாள். அப்போதும் பெருமையாகத்தான் இருந்தது. அதற்கடுத்த வருஷம் அவனைத் தாண்டிப் போனாள். பள்ளிக்கூடச் சமையலறையில் நாளெல்லாம் நின்ற கால் வலியோடு வந்து, காதுக்குள் பஞ்சை அடைத்துக்கொண்டு, ஏதோ மாவு பிசையப்போகிறவள் மாதிரி சாவதானமாக நின்று, ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டுகளைத் தூளாக்கினாள். கிளப்பில் மூன்று தடவை முதல் ஆளாக வந்து பரிசாகப் பெல்ட் பக்கிள் வாங்கியவன் டெல்மர். இப்போது அவன் வண்டியை விட்டு இறங்கினால், "ஆர்டித் வரலையா?" என்றுதான் கேட்டார்கள். அவன் கூட்டாளி வெர்லின் ஒருநாள் எல்லோர் முன்னாலும், "டெல்மரு, உன் பொண்டாட்டிக்குத் தோட்டா ரொப்புற வேலைக்குச் சம்பளம் எவ்வளவுப்பா?" என்று கேட்டான். டெல்மரும் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்குத் திரும்பும்வரை அந்தக் கேள்வியையே மனசுக்குள் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டு வந்தான்.

நைந்த கூடுகளை அவளுக்குக் கொடுப்பது என்று அவன் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. ஈஸ்டர் சமயத்தில் ஒருதரம் நல்ல கூடு குறைந்துபோனது. பயிற்சிக்கு இது போதும் என்று ரொப்பிக் கொடுத்தான். "துப்பாக்கி உன் தோளை உதைக்கிறது கம்மியா இருக்கட்டும்னு லேசா ரொப்பினது. நீலம் ஒட்டியிருக்கேன், மாத்தி எடுத்துடாதே," என்றான். அவள் பெட்டியை வாங்கி, "சரி," என்றாள். அடுத்த வாரம் நல்ல கூடு குறையவில்லை. அப்போதும் நீலப் பெட்டி தயாராக இருந்தது.

ஆனால் அவன் எதிர்பார்த்தது நடக்கவில்லை. அந்தத் தோட்டாக்களை வைத்துக்கொண்டும் அவள் உடைத்துக்கொண்டே இருந்தாள். சில நாள் அவனைவிட ஒன்றிரண்டு குறைவாக, பல நாள் கூடுதலாக. இது அவனை வேறொரு மூலைக்குத் தள்ளியது. இவற்றை வைத்தே இப்படிச் சுடுகிறவளுக்கு நல்லதைக் கொடுத்தால் என்ன ஆகும்? தனக்கும் அவளுக்கும் உள்ள தூரம் உண்மையில் எவ்வளவு? அதைத் தெரிந்துகொள்ள அவனுக்குத் தைரியம் இல்லை. கொடுமை செய்கிறோம் என்று தெரிந்தபிறகும் நிறுத்த முடியாமல் போனது அதனால்தான்.

கூடுகளைத் தரம் பிரித்ததற்கு மறுநாள் கிளப் போட்டி. சோள அறுப்பு தொடங்கிவிட்டால் அவன் வேலை பார்க்கும் தானியக் கிடங்கில் ஞாயிறு என்பதே கிடையாது, அறுப்புக்கு முந்தின ஞாயிறு என்பதால் கூட்டம் நிறைய. தெற்கிலிருந்து காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்தது. தட்டுகள் திடீரென்று எழும்பின, திடீரென்று தாழ்ந்தன. இளைஞர்கள் எல்லாம் தடுமாறிப் பின்தங்கிவிட, மதியத்துக்குள் மதிப்பெண் பலகையில் இரண்டே பேர் முதலிடத்தில் நின்றார்கள். இரண்டு பேருமே ஹொவோர்கா: டெல்மரும் ஆர்டித்தும்.

"இன்னிக்கு ராத்திரி தோத்துட்டு யாரு சோபாவுல படுக்கிறதுன்னு இப்பத் தெரிஞ்சுடும்!" என்று வெர்லின் ஒலிபெருக்கியில் அறிவித்தான். மிளகாய்க் கறியும் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியும் தின்றுகொண்டிருந்தவர்கள் காகிதக் கிண்ணங்களோடு எழுந்து வந்தார்கள். சமநிலையை முறிக்க இருவரும் ஆளுக்கு ஒரு பெட்டித் தோட்டா சுட வேண்டும்.

டெல்மர் வண்டிக்குப் போனான். பின்கதவை இறக்கினான். இரண்டே பெட்டிகள் மிஞ்சியிருந்தன. ஒன்றில் நீலம், ஒன்றில் இல்லை. ஆர்டித் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தபடி பின்னால் வந்து நின்றாள். அவள் கன்னத்தில் துப்பாக்கிக் கட்டை அழுந்திய தடம் சிவந்திருந்தது. அவன் அந்தத் தடத்தையே பார்த்தான். நீலம் ஒட்டாத பெட்டியை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"இதை எடுத்துக்க. காத்து ஜாஸ்தியா இருக்கு."

அவள் பெட்டியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"அது உன்னோடது."

"பரவால்ல. எடுத்துக்க, ஆர்டித்."

"ஈஸ்டர்லேருந்து என்னோடது நீலம்தானே, டெல்மர்?"

அவன் மூடியிலிருந்த நீல டேப்பைப் பார்த்தான்.

"நாப்பது வருஷமா மாவு தொட்ட கை இது," என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "ஓரம் மடிச்சது நிக்குமா நிக்காதான்னு தொட்டாலே தெரியும். மொதப் பெட்டியிலேயே தெரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"நீயா நிறுத்துவேன்னு பாத்தேன். ஒரு வாரம், ரெண்டு வாரம். அப்புறம்..." சற்றுத் தயங்கினாள். சிரிப்பு மாதிரி ஒன்று உதட்டோரம் வந்து போனது. "அப்புறம் எனக்கே பிடிச்சுப்போச்சு. இந்தக் குப்பையை வச்சுக்கிட்டு உன்னை ஜெயிக்கிறது. வீட்டுக்குப் போற வழியெல்லாம் உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே வருவேன். அவ்வளவு ருசியா இருக்கும்."

"ஆர்டித்..."

"நல்லது வேணாம். இன்னிக்கு மட்டும் என்ன புதுசா? என்னோடத என்கிட்ட குடு."

அவன் கொடுக்கக் காத்திராமல் அவளே நீலப் பெட்டியை எடுத்து, இடுப்புப் பையில் கவிழ்த்துக்கொண்டு, மைதானத்தை நோக்கி நடந்தாள். அவன் கையில் நல்ல பெட்டி இருந்தது. அதைத் தவிர அவனிடம் வேறு தோட்டா இல்லை. யாரிடமாவது கேட்டால் கொடுத்திருப்பார்கள். அவன் கேட்கவில்லை.

அவள் முதலில் சுட்டாள், அவன் அடுத்து. மாறி மாறிப் போயிற்று. பதற்றத்தில் அவன் தொடக்கத்திலேயே ஒன்றைக் கோட்டைவிட்டான். கொஞ்ச நேரத்தில் காற்றில் குட்டிக்கரணம் போட்ட ஒன்றை அவளும் தவறவிட்டாள். பிறகு இருவரும் எதையும் தவறவிடவில்லை. "விடு!" என்று தட்டை வீசச் சொல்லி அவள் கூவும் சத்தம், வெடி, ஆரஞ்சுத் தூள். பக்கத்தில் நின்று பார்க்கும்போது அவள் எவ்வளவு அழகாகச் சுடுகிறாள் என்பது அவனுக்குத் தெரிந்தது. மற்றவர்களைவிட அவனுக்குத்தான் அது நன்றாகத் தெரியும். அந்தத் தெரிதலே நெருப்பாக இருந்தது. இந்தக் கூடுகளோடு. இந்தக் கூடுகளோடு இவள்.

கடைசிக்கு முந்தின தட்டு. அவள் விசையை இழுத்தாள். வெடிக்குப் பதிலாக, காகிதப் பையை ஊதி உடைத்தது போல 'புப்' என்று ஒரு சத்தம். தட்டு முழுசாகப் பறந்து புல்லில் இறங்கியது.

"குழலைப் பாரு! குழலைப் பாரு!" என்று வெர்லின் விளையாட்டையெல்லாம் மறந்து கத்தினான். வேகம் செத்த தோட்டாவில் மருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருக்கும் அடைப்பு குழலுக்குள் சிக்கி நின்றிருந்து, அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால், குழல் முகத்துக்கு நேரே பிளக்கும். டெல்மர் அவள் பக்கம் ஓரடி எடுத்து வைத்தான். இத்தனை மாதமும் இதை அவன் நினைக்காமல் இல்லை. நினைத்து, நினைத்ததைத் தள்ளி வைத்திருந்தான். ஆர்டித் துப்பாக்கியை மடக்கித் திறந்து, குழலை வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். "காலியாத்தான் இருக்கு," என்றாள்.

கூட்டம் மூச்சு விட்டது. வெர்லினுக்குக் குரல் திரும்பியது. "யாருப்பா இவளுக்கு இந்த மாதிரி ரொப்பிக் குடுத்தது?" எல்லோருக்கும் பதில் தெரியும். சிரிப்பு எழுந்தது. சிரிப்பு முடிந்தபிறகும் ஒன்றிரண்டு பேர் டெல்மரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தப் பெட்டியை நான்தான் எடுத்தேன்," என்றாள் ஆர்டித், திரும்பாமல். "விளையாட்டைப் பாருங்க."

அவன் முறை. இப்போது வேண்டுமென்றே தவறவிட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் அதை ஒருநாளும் மன்னிக்க மாட்டாள். இதையெல்லாம் நினைத்தது போலப் பிற்பாடு அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். உண்மையில், துப்பாக்கியைத் தோளில் வைத்த நொடியில் எந்த நினைப்பும் இல்லை. "விடு!" என்றான். தட்டு தூளாயிற்று. அவள் தன் கடைசியை உடைத்தாள். அவனும் உடைத்தான். ஜெயித்துவிட்டான். நெஞ்சுக்குள் சுத்தமான ஒரு சந்தோஷம் எழும்பியது. அது எழும்பியதை அவனால் தடுக்க முடியவில்லை.

கை குலுக்கினார்கள். முதுகில் தட்டினார்கள். பக்கிளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆட்களின் தோள்களுக்கு மேலாக அவன் பார்த்தபோது, ஆர்டித் குனிந்து அவன் நின்ற இடத்தில் விழுந்திருந்த கூடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தன்னுடையவற்றைத் தொடவில்லை, காலால் ஒதுக்கினாள். அவனுடைய பச்சைக் கூடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஊதி, வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, தொப்பியைக் கழற்றி அதற்குள் போட்டாள்.

திரும்பும்போது அவன் வண்டி ஓட்டினான். இரண்டு பக்கமும் காய்ந்த சோளம் மஞ்சளாக நின்றது. தொப்பி அவள் மடியில் இருந்தது. "வீட்டுக்குப் போனதும் தோட்டா ரொப்புற எந்திரத்தைக் கொஞ்சம் காலி பண்ணிக் குடு," என்றாள் அவள். "நானே ரொப்பிக்கிறேன்."

"ம்," என்றான். அடுத்த தடவை அந்தக் கூடுகளோடு அவள் எத்தனை உடைப்பாள் என்று மனசு அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. அதை நிறுத்தப் பார்த்தான். நிற்கவில்லை. பிரேக் போட மறந்து ரயில் பாதையில் வண்டி ஏறிக் குதித்தது. கூடுகள் சலசலத்துத் தொப்பியின் விளிம்புக்கு எழும்பின. ஒன்றுகூடக் கீழே விழாதபடி ஆர்டித் இரண்டு கைகளாலும் அவற்றை மூடி, வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.