மூக்கில்லாமல் ருசித்த வைன்

1

இந்தக் கதை ஒரு சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. ரொறொன்ரோ நகர மையத்தில் ஒரு தமிழ் உணவகம். சிவப்பு வைன் ஊற்றிய பெண்ணிடம், இது என்ன மணம் என்று கேட்டேன். "எனக்கு மணம் தெரியாது. வாயில வைச்சுப் பாருங்கோ" என்று சிரித்தாள். அவளுக்கு நிரோஷினி என்று பெயர் வைத்திருக்கிறேன். மீதியில் பாதி அவள் சொன்னது, பாதி என் கற்பனை. எது எது என்று கேட்காதீர்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வெகு உயரத்தில், பாறையைப் பிளந்துகொண்டு வேர்விட்ட திராட்சைக் கொடி..." வேண்டாம். நான் அந்த மலையைக் கண்டதில்லை.

அடுத்தது: "நிரோஷினியின் மூக்கு ஒரு காய்ச்சலோடு போய்விட்டது." இது இருக்கட்டும்.

அவள் வைன் படித்தவள். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த வைன் என்று அந்த உணவகத்தில் தீர்மானித்தவள். காய்ச்சலுக்குப் பிறகு மணம் தெரியாமல், கோப்பிகூட அவளுக்கு வெறும் வெந்நீராகிவிட்டது. உரிமையாளர் மகேஸ்வரன், மூக்கு வரட்டும் பார்ப்போம் என்று சொல்லி, வாசலில் ஆட்களை வரவேற்கும் வேலையைக் கொடுத்தார். ஒரு வருடம் போயிற்று. பிறகு ஆட்டிறைச்சிப் பிரட்டலோடு பரிமாற ஒரு சிவப்பு வைன் தேவைப்பட்டது. வெளியாள் ஒருவரைக் கூப்பிடப் போகிறேன் என்றார். அவள் யோசிக்காமலே, "நானே எடுத்துத் தாறன், அண்ணை" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம், ஏன் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று

(இங்கே பேருந்துப் பயணத்தை ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். அவள் வீடு இருக்கும் மல்வேர்னுக்கு நீண்ட தூரம்.)

3

[அவள் கணவன் மாக்கஸ் அளவுக்கு மீறி நல்லவனாகிவிட்டான். ஒரு சண்டையாவது வைக்கப் பார்த்தேன். அவன் மாட்டேன் என்கிறான். வைனைக் கசாயம் என்பான், அதுதான் அவன் குறை.]

ஞாயிறு மத்தியானம் எட்டுப் போத்தல் வைனை மேசையில் வரிசையாக வைத்து, அவன் முகர்ந்தான், அவள் குடித்தாள். அவனுக்கு எல்லாமே செரிப்பழமாக மணத்தது. அவளுக்கு எல்லாமே புளித்த தண்ணீர். ஏழாவது போத்தலோடு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நாளைக்கே மகேஸ்வரனிடம் தோற்றேன் என்று சொல்லிவிடப்போவதாக எழும்பினாள். மாக்கஸ் கடைசிப் போத்தலையும் திறந்தான். ஸ்பெயினில் ஏதோ கல்மலை உச்சியில் விளைந்தது.

"இது பழமில்லை, நிரோ. மழை விழுந்த பார்க்கிங் லொட். நீர் ஒருக்கா குடிச்சுப் பாரும்."

குடித்தாள். துவர்ப்பு ஈறைப் பிடித்து இழுத்தது. பின்னாலேயே புளிப்பு வந்து நாக்கை நிமிர்த்தியது. குளிர்ந்த கல்லை நக்கினது போல மெல்லிய உப்பு. விழுங்கின பிறகும் அது வாய்க்குள் நிமிர்ந்தே நின்றது. பக்கத்தில் வைத்திருந்த பிரட்டலில் ஒரு துண்டு இறைச்சியைத் தின்று மறுபடி குடித்தாள். கொழுப்பு கரைந்து, துவர்ப்பு பட்டுப்போல மென்மையாயிற்று.

"இஞ்சேருங்கோ, இதுக்கு எலும்பு இருக்கு" என்றாள், ஒரு வருடத்தில் முதல்தடவையாக வாய்விட்டுச் சிரித்தபடி.*

மாக்கஸும் குடித்துப் பார்த்து, கசாயம்தான், ஆனால் நல்ல கசாயம் என்று கிளாஸை நீட்டினான்.

* வைன்காரர் இதைக் கட்டமைப்பு என்பார்கள். எனக்கு எலும்பு போதும்.

4

அந்த வைனை உணவகத்துக்குக் கொண்டுபோனாள். மணம் எப்படி என்று மகேஸ்வரன் கேட்டார்.

"மணம் மாக்கஸ் சொன்னது, மழை விழுந்த பார்க்கிங் லொட். மிச்சத்தை நீங்கள் இறைச்சியோட சேர்த்துக் குடியுங்கோ, அண்ணை."

அவர் தின்றார், குடித்தார், கோப்பையை வெறுமையாக்கினார். பிறகு, "வைனை இனி நீரே பாரும், பிள்ளை" என்றார்.

இப்போது அவள் தனக்கு மணம் தெரியாததை ஒளிக்காமல், என்ன மணம் என்று மேசைகளிலேயே கேட்கிறாள். ஆட்கள் முகர்ந்து சொல்கிறார்கள்: மாதுளை, புதுத் தோல் சப்பாத்து, துருப்பிடித்த இரும்புக் கேற். ஒருவர் தன் மாமியார் என்றார்.

5

மூக்கு திரும்பியதா? இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் திரும்பியது, அவள் அழுதாள், நானும் கொஞ்சம். மற்றதில் திரும்பவேயில்லை, அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டும் உண்மைபோல இருந்ததால் இரண்டையும் அழித்தேன்.

மிஞ்சியது இவ்வளவுதான். வசந்தகாலம், பல்கனி. மாக்கஸ் ஊற்றிக் கொடுக்கிறான். அவள் பழக்கதோஷத்தில் கிளாஸை மூக்கருகே கொண்டுபோகிறாள். புருவம் உயர்கிறது. என்ன என்று அவன் கேட்கிறான். அவள் வாய் திறக்கிறாள்.

பதிலை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எதை எழுதினாலும் அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்; அந்த ஒன்றை மட்டும் நான் மாற்ற விடமாட்டேன்.