பாதிப் பெயர் அடித்தால் மீதி தானாக வரும்

1

இந்தக் கதையை நான் யோசித்து உண்டாக்கவில்லை. ஒட்டுக்கேட்டேன். பல் டாக்டரின் வரவேற்பறையில் எனக்குப் பின்வரிசையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"டேப் கீயை அமுக்கினா சும்மா இடம் விட்டு நகருது. பேரு வரமாட்டேங்குது."

"அவரைக் கேட்டியா?"

"கேட்டேன். சொல்லல."

"அவர் சொல்லலையா, நீ சொல்ல விடலையா?"

அதற்குள் என்னை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். வாயைத் திறந்தபடி, பதில் பேச வழியில்லாமல் படுத்திருந்த நேரம் முழுக்க அந்தக் கடைசிக் கேள்வி காதில் இருந்தது. வெளியே வந்தபோது இருவரும் போய்விட்டார்கள். ஆகவே கேள்வி மட்டும் அவர்களுடையது, மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

(கணினி சம்பந்தப்பட்டதை மருமகனிடம் கேட்டு எழுதினேன். பிழை இருந்தால் அவரைத் திட்டுங்கள். திட்டு வாங்கி அவருக்குப் பழக்கம்தான்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை விட்ட ஒரு காலையில் அவள் அந்த அலுவலகத்தின் படிகளில் தயங்கி..." வேண்டாம். படிகளில் தயங்குகிறவர்களை வைத்து நிறைய எழுதியாகிவிட்டது.

அப்புறம் இப்படி: "பாலங்கள் பொய் சொல்வதில்லை." இது ஏதோ திறப்புவிழாவில் மைக் பிடித்தவர் பேசுவதுபோல் இருக்கிறது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அது பாலங்களைச் சோதிக்கிற அலுவலகம். பொறியாளர்கள் விரிசல்களைப் படம் எடுத்து அனுப்புவார்கள். ஒவ்வொரு படத்துக்கும் பெயர் வைத்து, அதனதன் இடத்தில் சேர்க்க வேண்டும். சேர்க்கிற இடம், சுவரோரம் நிற்கும் பழைய யூனிக்ஸ் மிஷின். அதில் மவுஸ் கிடையாது, படம் போட்ட பொத்தான்கள் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்தெழுத்தாக அடித்தால்தான் அசையும். கோப்புகளின் பெயரோ ரயில்வண்டி நீளம். பாலத்தின் பெயர், கரை, தூண் எண், எந்தப் பக்கம், என்ன பழுது, மழைக்கு முன்பா பின்பா, இவ்வளவையும் கீழ்க்கோடு போட்டுப் போட்டுக் கோக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்று மிஷின் கைவிரித்துவிடும்.

இந்த வேலைக்கு வந்தவளை எல்லோரும் 'புதுப்பொண்ணு' என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு நாற்பத்தொரு வயது. சோதனைக் காலம் முடியும்போது மேனேஜர் அவளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம், போய்வா என்றும் சொல்லலாம். அக்காவின் தையல் கடை மூடிய பிறகு வீட்டுக்குள் வருகிற சம்பளம் இவளுடையது ஒன்றுதான். சேர்ந்த மறுவாரமே குளியலறையில் வழுக்கி விழுந்து, வலது கையில் இரண்டு விரலுக்கு மாவுக்கட்டு.

பக்கத்து மேஜைக்காரி யோசனை சொன்னாள். "ஏன் முழுசா அடிச்சுச் சாகுற? பாதிப் பேரை அடி, டேப்பை அமுக்கு, மீதி தானா வரும். எங்க மிஷின்ல எல்லாம் அப்படித்தான்."

அமுக்கினாள். கர்சர் நாலு இடம் தள்ளிப் போய் நின்றது.

"வரலியே?"

"அப்போ அந்தக் கிழட்டு மிஷினுக்கு வேற ஏதாவது இருக்கும். அதைப் பாத்துக்கற சிஸ்டம் சாரைக் கேளு."

3

சிஸ்டம் சாருக்குத் திக்குவாய்.

இங்கே எனக்கு ஒரு சங்கடம். எனக்குக் கதைகள் பேச்சாகத்தான் வரும். முகம் தெரியாது, சட்டை நிறம் தெரியாது, குரல் கேட்கும். இந்த மனிதரின் குரலை எப்படி எழுதுவது? முதல் எழுத்தை நாலு தடவை போட்டு நடுவில் கோடு இழுப்பது வழக்கம். எழுதிப் பார்த்தேன். படித்தவுடன் எனக்கே சிரிப்பு வந்தது. என் சிரிப்பே அந்த முறை தப்பு என்று சொல்லிவிட்டது. அதனால் புள்ளிகள் வைக்கிறேன். புள்ளிகள் வரும்போது நீங்களும் நின்று மூச்சுவிட்டுப் போங்கள். தாண்டிக் குதிக்காதீர்கள்.

"சார், இந்த மிஷின்ல பேரு தானா முழுசாக என்ன கீயை அமுக்கணும்?"

அவர் நாற்காலியோடு திரும்பினார். "எ............"

"என்டரா?"

தலையை ஆட்டினார். இல்லை. "எ............"

"எண்ட் கீயா? அதையும் அமுக்கிப் பாத்துட்டேன் சார்."

"எ............"

"எனக்குத் தெரியாதுங்கறீங்களா? பரவால்ல சார், நீங்க சிரமப்படாதீங்க. நான் வேற யாரையாவது கேட்டுக்கறேன்."

அவர் வாயை மூடிக்கொண்டார். நாற்காலி மறுபடி திரையைப் பார்த்துத் திரும்பியது.

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். இது முக்கியம், ஏனென்றால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

4

சாயங்காலம் வீட்டில்:

"அந்த ஆளு இருக்காரே, அவர் ஒரு..."

"திமிர் பிடிச்சவர்," என்றாள் அக்கா.

"அதில்லக்கா, வாயைத் திறந்தா..."

"வசவுதான் வருது. தெரியுமே, நம்ம பெரியப்பா மாதிரி."

"இல்லங்கறேன்ல! நான் என்ன கேட்டேன்னா..."

"சம்பளத்தைக் கேட்டிருப்ப."

"என்னை ஒரு வார்த்தை முடிக்க விடேன்!"

"நீ எப்ப முடிச்ச? நம்ம வீட்டுல யாருதான் முடிச்சிருக்கா?"

உண்மைதான். அந்தக் குடும்பத்தில் ஒருவர் தொடங்குவதை இன்னொருவர் முடிப்பார், மூன்றாமவர் மறுப்பார். அதற்குள் முதலாமவர் அடுத்ததைத் தொடங்கியிருப்பார். இப்படிப் பேசித்தான் கல்யாணம் முடித்தார்கள், வீடு பிரித்தார்கள். அதைப் பாசம் என்று நினைத்திருந்தார்கள். பாசமும்தான்.

4, திருத்தியது

மேலே உள்ள பகுதி முடிகிற இடத்தில் அவளுக்கு ஞானம் வருவதாக எழுதியிருந்தேன். "அன்றிரவு ஜன்னலோரம் நின்றபோது அவளுக்குச் சட்டென்று..." அடித்துவிட்டேன். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. கை வலித்தது, தூங்கிப்போனாள். அடுத்த நாட்களிலும் ஒற்றைக் கையால் ரயில்வண்டிகளைக் கோத்தாள். மேஜையில் வேலை குவிந்தது.

விஷயத்தைச் சொன்னது பக்கத்து மேஜைக்காரிதான், அதுவும் டீ ஆற்றிக்கொண்டே.

"அவருக்குப் பேச வரும்மா. நேரமாகும், அவ்வளவுதான். நடுவுல நீ பூந்தா, பாவம், மறுபடி முதல்லேர்ந்து."

"நான் உதவிதானே பண்ணேன்?"

"நீ குழம்பு கூட்டும்போது உன் கரண்டியை நான் பிடுங்கினா அது உதவியா?"

மறுபடி போய்க் கேட்டாள். இந்த முறை நாக்கைப் பல்லுக்கடியில் வைத்துக்கொண்டாள்.

"எ............"

அந்தப் புள்ளிகளுக்குள் அவள் பட்ட பாட்டை எழுத வேண்டும். என்டர், எண்ட், எதுவும் இல்லை, எழுந்து போ: எல்லா வார்த்தையும் தொண்டை வரை வந்தது. அவர் முகத்தைப் பார்ப்பதா, பார்க்காமல் இருப்பதா என்று தெரியவில்லை. தன் மாவுக்கட்டைப் பார்த்தாள். அதுவும் சரியில்லை என்று பட்டு, அவர் முகத்தையே பார்த்தாள்.

"............எஸ்கேப்."

"எஸ்கேப் கீயா?"

"டேப் இல்ல. ஆனா முதல்ல ஒரு ............ வரி சேக்கணும். இல்லாட்டி எதை அமுக்கினாலும் வ............ராது."

அவள் மிஷினுக்குள் நுழையும்போதெல்லாம் முதலில் ஓடுகிற தொடக்கக் கோப்பைத் திறந்து ஒற்றை வரி சேர்த்தார். பாதிப் பெயரைக் கொண்டு மீதியைத் தேடு என்று அந்த மிஷினுக்குச் சொல்லுகிற வரி அது. அவள் மிஷினிலிருந்து வெளியேறி மறுபடி நுழைந்தாள். பாலத்தின் பெயரில் நாலு எழுத்து அடித்து எஸ்கேப்பை அமுக்கினாள். ரயில்வண்டி முழுசாக வந்து நின்றது.

"ஐயோ சார்! இதுக்கா நான் இத்தனை நாள்..." நிறுத்திக்கொண்டாள். "ஆனா நீங்க மட்டும் எல்லாத்தையும் முழுசா அடிக்கிறீங்களே? உங்களுக்கு இது வேண்டாமா?"

"வேண்டாம்."

இந்த ஒரு வார்த்தை தங்குதடையின்றி வந்தது.

(இந்த இடத்தில் அவர் வாயில் ஓர் அழகான விளக்கத்தை வைத்திருந்தேன். பத்து வரி. பிறர் முடித்துவைத்த தன் வாக்கியங்கள் பற்றி, யாரும் குறுக்கிடாத விசைப்பலகை பற்றி. உங்களுக்கும் இந்நேரம் தோன்றியிருக்கும். எடுத்துவிட்டேன். அவள் கேட்டாள், அவர் ஒரு வார்த்தை சொன்னார். அதற்கு மேல் நான் எதைச் சேர்த்தாலும் அது என் பேச்சு.)

5

இங்கே கதை சுபமாக முடிந்துவிடப் பார்த்தது. விடவில்லை.

எஸ்கேப் கீக்கு ஒரு குணம் உண்டு. ஒரே மாதிரி தொடங்கும் பெயர்கள் இரண்டு இருந்தால், பொதுவான பகுதிவரை நிரப்பி, பீப் என்று சத்தமிட்டு நிற்கும். மேற்கொண்டு நீங்கள்தான் அடிக்க வேண்டும். ஆற்றுப்பாலத்தின் ஆறாம் தூணுக்கு இரண்டு படங்கள் இருந்தன. ஒன்றின் பெயர் 'விரிசல்' என்று முடியும். இன்னொன்று அதற்குப் பின்னும் நீண்டு 'மழைக்குப் பின்' என்று முடியும். இந்த 'மழைக்குப் பின்' படத்தின் தெளிவான பிரதியை அதன் இடத்தில் போடும்போது, வேகம் கண்டுவிட்ட புதுப்பொண்ணு பீப் சத்தத்தைச் சட்டை செய்யாமல் என்டரைத் தட்டினாள். மிஷின் கேள்வி கேட்கவில்லை. பழைய விரிசல் இருந்த இடத்தில் புதிய விரிசல் போய் உட்கார்ந்தது. பழைய படம் போயிற்று. அது இல்லாவிட்டால் விரிசல் வளர்ந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பாலத்தில் தினமும் பஸ் போகிறது.

கண்டுபிடித்தவர் சிஸ்டம் சார். முந்தைய நாள் எடுத்து வைத்த நகலிலிருந்து படத்தை மீட்டுப் போட்டார். அவள் மேஜைக்கு வந்து நின்றார்.

"சத்தம் கேக்............லையா?"

"கேட்டுச்சு சார்." அவள் குரல் இறங்கிவிட்டது. "கேட்டும் தட்டிட்டேன்."

அவர் திரும்பித் தன் நாற்காலிக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். இப்போது அவர் அவளைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும்.

6

சோதனைக் காலம் முடிந்த அன்று, மேனேஜர் அறை.

மேனேஜரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த முடிவானாலும் சிஸ்டம் சாரைக் கூப்பிட்டுக் கேட்பார். அவர் தொடங்குவார். மேனேஜர் தனக்கு வேண்டியபடி முடித்துக்கொண்டு, "சிஸ்டம் சாரே சொல்லிட்டார்" என்று கையெழுத்துப் போடுவார். புது ஏ.சி. வந்ததும் அப்படித்தான், பழைய காவலாளி போனதும் அப்படித்தான். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. அவசரக்காரர்.

"உக்காரும்மா. சிஸ்டம் சார், நீங்களும். அந்த மிஷினுக்குப் பொறுப்பு நீங்க. நீங்க சரின்னாதான் சரி. இவங்களை வச்சுக்கலாமா?"

புதுப்பொண்ணு மடியில் கைகளை வைத்துக்கொண்டாள். கட்டுப் பிரித்த விரல்கள் வெளிறி, வேறு யாருடையதோ போல் இருந்தன.

சிஸ்டம் சார் வாயைத் திறந்தார். "இ............"

"இருக்கட்டும்ங்கறீங்க!" மேனேஜர் மேஜையைத் தட்டினார். "எனக்கும் அதான். மாசக் கடைசியில அறிக்கை போகணும், இனிமே புது ஆளுக்கு நான் எங்க போறது? வாழ்த்துக்கள்மா. சிஸ்டம் சாரே சொல்லிட்டார்."

பேனா மூடியைத் திறந்தார்.

அவள் நன்றி சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். அக்காவுக்கு ஃபோன் போட்டிருக்கலாம். ஆனால் அவள் சிஸ்டம் சாரைப் பார்த்துவிட்டாள். அவர் வாய் இன்னும் திறந்துதான் இருந்தது. கழுத்து நரம்பு இறுகியிருந்தது. அந்த எழுத்தை அவர் விடவில்லை.

"சார்," என்றாள்.

"என்னம்மா?"

"அவர் இன்னும் முடிக்கல."

"அதான் சொல்லிட்டாரே, உனக்குச் சாதகமாத்தானே..."

"நீங்க சொன்னீங்க சார். அவர் முடிக்கட்டும்."

மேனேஜர் அவளை விநோதமாகப் பார்த்தார். பேனா காகிதத்துக்கு மேலே நின்றது.

7

இதற்கு மேல் எழுதியவற்றை வரிசையாக வைக்கிறேன்.

முதல் முடிவு: "............இவங்களை வச்சுக்கலாம்," என்றார் அவர். அவள் கண்கள்...

இரண்டாவது: "............இல்ல. சத்தம் கேட்டும் தட்டினாங்க," என்றார். இது நியாயமான முடிவு. அந்தப் பஸ்ஸில் நான் போவதாக இருந்தால் இதைத்தான் விரும்புவேன்.

மூன்றாவது: "............இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்." யாருக்கும் வலிக்காத முடிவு. என் வயதுக்கு இது சுலபமாக வரும்.

மூன்றுமே என்னிடம் சரளமாக வந்தன. எங்குமே திக்கவில்லை. அப்போதுதான் பேனாவை வைத்தேன். அவர் வாக்கியத்தை மூன்று விதமாக முடித்துவிட்டேன், மேனேஜராவது ஒரு விதத்தோடு நிறுத்தினார். கதையில் ஒருத்தி வேலையைப் பணயம் வைத்து அவருக்கு வாங்கிக் கொடுத்த நேரத்தை, எழுதுகிற நான் பிடுங்கிக்கொள்ள முடியாது.

ஆகவே மூன்றையும் எடுத்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் நாலாவது ஒன்று இருக்கும். இருந்தால் நல்லது, பல்லுக்கடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேனேஜர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவள் பார்க்கவில்லை. என்ன வரப்போகிறது என்று தெரியாமல், வரட்டும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வெளியே யாரோ கதவைத் தட்டுகிறார்கள். யாரும் போய்த் திறக்கவில்லை.

"இ............"

அவர் பேசிக்கொண்டிருக்கிறார்.