மோவாய்க்குக் கீழே ஒரு விரல்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: கடுப்பிலிருந்து. என் மகள் பத்து வாரம் முன்கூட்டியே பிறந்துவிட்டாள். எடை ஒரு கிலோ நூறு கிராம். இன்குபேட்டர் என்னும் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிறாள். மூச்சு விடத் தெம்பில்லை. மூக்கில் இரண்டு குட்டிக் குழல்களை வைத்து, அழுத்தமாகக் காற்றை அனுப்புகிறார்கள். இன்னொரு குழாயின் முனை தண்ணீர் பாட்டிலில் முங்கியிருக்கிறது. அதில் குமிழி வந்தால் அழுத்தம் குறையாமல் இருக்கிறது என்று அர்த்தம்.

"நாலு மணிக்கு வந்து பாக்குறேன். ஆக்சிஜன் இதுக்கு மேல தேவைப்பட்டா, தொண்டையில குழாய் போட்டுடலாம்," என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். நாலு மணி வரை என்ன செய்வது? எழுத்தாளன் ஆயிற்றே, எழுதித் தொலைக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மொட்டு…"

(அடித்தாயிற்று. மொட்டாம். என் மண்டை.)

இரண்டாவது: "அந்த இயந்திரம் அவளுக்காக மூச்சு விட்டது."

இதை நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டார்.

"தப்பு சார். மூச்சு அவதான் விடுறா. இது நுரையீரல் சுருங்கிடாம பாத்துக்குது, அவ்வளவுதான். அவ படுற பாட்டையெல்லாம் மெஷின் பேர்ல எழுதாதீங்க."

3

முடிவு மட்டும் தயாராக இருந்தது. வார்டே அதிரக் குழந்தை வீறிட்டு அழுகிறது, எல்லோர் கண்ணிலும் நீர். மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். தையல் போட்ட வயிற்றோடு, பெட்டிக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தவள் திரும்பினாள்.

"ஏங்க, உங்களுக்கு அறிவிருக்கா? அழுதா வாய் திறக்கும். வாய் திறந்தா காத்தெல்லாம் வெளிய போயிடும். காலையிலேர்ந்து அவ மோவாயைப் பிடிச்சுக்கிட்டு நான் எதுக்கு உக்காந்திருக்கேன்?"

(அடிக்குறிப்பு: குழந்தை அழவே கூடாது என்று தவிக்கும் கதையை எந்தப் பத்திரிகைக்காரர் போடுவார்?)

மாற்று முடிவு ஒன்று: டாக்டர் வந்து, மானிட்டர் திரையைப் பார்த்து,

மாற்று முடிவு இரண்டு: டாக்டர் வந்து, குழாயை

(எழுத மாட்டேன். பயமாக இருக்கிறது. போதுமா?)

4

மூன்றரை மணிக்கு மனைவியின் கை மரத்துப்போய் விரல் நழுவியது. குழந்தையின் வாய் திறந்துகொண்டது. குமிழி நின்றுவிட்டது.

"சார், பேனாவைக் கீழ வைங்க! கையைக் கழுவிட்டு வாங்க!" என்று நர்ஸ் கத்தினார்.

"எனக்குத் தெரியாதே…"

"தெரிய என்ன இருக்கு? ஒரே ஒரு விரல். அமுக்காதீங்க, தாங்குங்க."

தாங்கினேன். அவள் மோவாய் என் நகத்தின் அகலம்கூட இல்லை. குமிழி மறுபடி வந்தது.

5

கை பெட்டிக்குள் இருப்பதால் நான் சொல்லச் சொல்ல மனைவி எழுதுகிறாள்.

(இவர் ஏதோ உருக்கமா சொன்னார். நான் எழுதலை. நான்தான், மனைவி.)

(டாக்டர் வந்துட்டார். விரலை எடுங்க, பாக்கணும்கிறார். இவர் எடுக்க மாட்டேங்கிறார். முடிவை நீங்களே எழுதிக்கோங்க. எனக்கு இவர் கையைப் பிடிச்சு விலக்குற வேலை இருக்கு.)